வீடியோ காலா, விஆர் ஹெட்செட்டா? வீட்டிலிருந்தே பிசியோதெரபி செய்ய எது சரிப்படும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு முதல் மூன்று மாதம் ரொம்ப முக்கியம். பக்கவாதம் வந்து ஒரு கை பலவீனமானவருக்கு அதைவிட நீண்ட காலம் பயிற்சி வேண்டும். இருவருக்கும் பிசியோதெரபி இல்லாமல் முடியாது, ஆனால் வீட்டை விட்டுக் கிளம்புவதே இருவருக்கும் பெரும்பாடு. படி இறங்க வேண்டும், வண்டியில் ஏற வேண்டும், கூட ஒருவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதித் தெம்பு தீர்ந்துவிடும்.

வீட்டிலிருந்தே செய்துகொள்ள இப்போது பல வழிகள் இருக்கின்றன. தெரபிஸ்டுடன் நேரலையில் வீடியோ கால் பேசலாம். பதிவு செய்த பயிற்சி வீடியோக்களைப் பார்த்துச் செய்யலாம். அசைவைக் கேமரா மூலம் கணக்கிட்டு எண்ணிச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. கண்களை மறைத்தபடி தலையில் மாட்டிக்கொண்டு, கணினி உருவாக்கும் உலகத்தைப் பார்க்கிற விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டும் வந்துவிட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு நேரலை வீடியோ கால்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். ஹெட்செட் சிலருக்கு மட்டும், குறிப்பிட்ட ஒரு காரணத்துக்காக, அந்த வீடியோ காலோடு சேர்த்துத்தான். நீங்கள் செய்வதை ஒரு மனிதர் பார்க்கிறாரா, பார்த்துவிட்டு அடுத்த வாரப் பயிற்சியை மாற்றுகிறாரா என்பதைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஏன் என்று விளக்குகிறேன்.

தொலைவிலிருந்து செய்தால் பலன் குறையுமா?

குடும்பத்தார் முதலில் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வியும்கூட. ஆய்வுகள் சொல்வது நம்பிக்கை தருகிறது. கனடாவின் கியூபெக்கில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 205 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். இன்னொரு குழுவுக்கு அதே சிகிச்சை வீடியோ வழியாக. 2015-இல் வெளியான முடிவின்படி, வீடியோ குழு எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட முழங்கால் வலி உள்ள 394 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதத்தில் தெரபிஸ்டுடன் ஐந்தே சந்திப்புகள். பாதிப் பேருக்கு நேரில், பாதிப் பேருக்கு வீடியோவில். வலியிலும் சரி, நடமாட்டத்திலும் சரி, வீடியோவில் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பலன் நேரில் போனவர்களுக்குக் கிடைத்ததற்குக் குறைவில்லை.

பக்கவாதத்திலும் இதே கதைதான். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கை பலவீனமான 124 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் 70 நிமிடம் வீதம் 36 அமர்வுகள், மருத்துவமனையிலோ வீட்டிலோ. வீட்டில் செய்தவர்களுக்குக் கணினித் திரையில் விளையாட்டு வடிவத்தில் பயிற்சிகள் இருந்தன. பாதி அமர்வுகளில் தெரபிஸ்ட் வீடியோவில் கூடவே இருந்தார், மீதிப் பாதியைத் தாங்களாகவே செய்தார்கள். கையின் முன்னேற்றம் இரு தரப்பிலும் ஒரே அளவில் இருந்தது.

இந்த ஆய்வுகளில் ஒன்றைக் கவனியுங்கள். கருவிகள் வேறு வேறு, நோய்களும் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு தெரபிஸ்ட் நோயாளியைப் பார்த்தார், பேசினார், திட்டத்தைத் திருத்தினார். 'வீட்டிலேயே செய்தாலும் பலன் உண்டாம்' என்று கேள்விப்பட்டு, யாரும் பார்க்காத ஒரு செயலியை இறக்கிக்கொண்டு அதே பலனை எதிர்பார்த்தால், அந்த எதிர்பார்ப்புக்கு இந்த ஆய்வுகள் பொறுப்பாகாது.

வீடியோ காலில் என்ன தெரிகிறது

ஒரு சாதாரணப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பக்கவாட்டில் கேமரா இருந்தால், எழும்போது உடல் போதுமான அளவு முன்னால் சாய்கிறதா, குதிகால் தரையை விட்டுத் தூக்குகிறதா, உட்காரும்போது கடைசியில் 'தொப்'பென்று விழுகிறாரா என்று தெரியும். கேமராவை முன்பக்கம் மாற்றினால் வேறு விஷயங்கள் தெரியும். முழங்கால் உள்பக்கமாக மடங்குகிறதா? இடுப்பு ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா? அறுவை சிகிச்சை செய்த காலை விட்டுவிட்டு நல்ல கால் மேலேயே பாரத்தைப் போட்டு எழுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கே அது தெரியாது. பத்து முறை எழுந்து உட்கார்ந்தேன் என்பார்கள். உண்மையில் பத்து முறையும் வேலை செய்தது நல்ல கால்தான். இதைப் பார்க்கிற தெரபிஸ்ட், "நல்ல காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள், மற்றக் காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்" என்பார். அந்த ஒரு மாற்றத்தில் பாரம் தேவையான காலுக்குப் போகும். முடியவில்லை என்றால் நாற்காலியில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டச் சொல்வார். இதற்குத் தொட வேண்டியதில்லை. பார்க்கத் தெரிந்த கண் போதும்.

மருத்துவமனைக்குப் போனால் கிடைக்காத ஒன்றும் வீடியோ காலில் கிடைக்கிறது: தெரபிஸ்டுக்கு உங்கள் வீடு தெரிகிறது. கட்டிலில் படுத்துக் காட்டச் சொல்வார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருப்பது அப்போதுதான் வெளிப்படும். சுகமாக இருக்கிறது என்று மூட்டு மாற்றியவர்கள் பலர் அப்படி வைத்துக்கொள்வார்கள். ஆனால் மணிக்கணக்கில் மடங்கியே இருக்கும் முழங்கால் நேராக நீள மறுக்கும். தலையணையை எடுத்துவிட்டு, குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்வார். அதே மாதிரி குளியலறை வாசலின் மேடு, பிடிமானம் இல்லாத படி, வழுக்கும் விரிப்பு எல்லாம் ஃபோனைத் திருப்பிக் காட்டினாலே தெரிந்துவிடும். விழாமல் இருப்பதற்கான ஆலோசனையில் இதற்கு ஈடு இல்லை.

தெரியாதவையும் உண்டு. மூட்டு எந்த இடத்தில், எப்படி இறுகி நிற்கிறது என்பது கையால் அசைத்தால்தான் பிடிபடும். தசைநார் கிழிந்திருக்கிறதா என்று சோதிக்கவும், ஒரு தசையின் வலுவைக் கையை எதிர்த்துத் தள்ளச் சொல்லி அளக்கவும், தழும்பின் இறுக்கத்தை உணரவும் ஒரு கை வேண்டும். படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுகிறது என்பவரை நேரில் படுக்கவைத்துக் கண்ணின் அசைவைப் பார்ப்பதுதான் நல்லது. விழுந்து அடிபட்டு என்ன காயம் என்றே தெரியாத நிலையில் வீடியோ காலில் தொடங்கவே கூடாது.

சில அறிகுறிகளுக்கு எந்தத் தெரபிஸ்டுக்காகவும் காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்: அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், காயம் சிவந்து காய்ச்சல் வருவது, முதுகு வலியோடு சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, தொடைகளின் உள்பக்கமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது.

பதிவு செய்த வீடியோக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்ததை மறக்காமல் இருக்க உதவும், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் வீடியோ உங்களைப் பார்ப்பதில்லை. உங்களுக்காகவே தெரபிஸ்ட் எடுத்து அனுப்பிய வீடியோ என்றால் மதிப்பு கூடும். நீங்கள் செய்வதைப் பதிவு செய்து திருப்பி அனுப்பினால் இன்னும் கூடும். இணைய வேகம் குறைந்த இடங்களில் இது நேரலைக்கு நல்ல மாற்று.

திரையும் கேமராவும் சேர்ந்த நடுவழி

வீடியோ காலுக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே ஒரு வகை இருக்கிறது. திரையில் ஓர் உருவம் பயிற்சியைச் செய்து காட்டும், கேமரா உங்கள் உடலின் மூட்டுகளைப் புள்ளிகளாகப் பின்தொடரும், எத்தனை முறை செய்தீர்கள், முழங்கால் எவ்வளவு மடங்கியது என்று கணக்கிடும். மைக்ரோசாஃப்ட் 2010-இல் விளையாட்டுக்காகக் கொண்டுவந்த கினெக்ட் கேமராதான் இந்தத் துறையைப் பரவலாக்கியது. இன்று பல செயலிகள் ஃபோன் கேமராவிலேயே இதைச் செய்கின்றன.

இந்த வகை மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டு மாற்று செய்துகொண்ட 300-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு தரப்புக்கு வழக்கமான பிசியோதெரபி. இன்னொரு தரப்புக்கு வீட்டில் திரை உருவமும் முப்பரிமாணக் கேமராவும், பின்னால் தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஒரு தெரபிஸ்டும். 12 வாரத்தில் முழங்காலின் செயல்திறன் இரு தரப்பிலும் சமமாக இருந்தது, செலவு வீட்டுத் தரப்பில் குறைவு, மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டி வந்தவர்களும் வீட்டுத் தரப்பில் குறைவு. இங்கேயும் கேமரா எண்ணியது, மனிதர் முடிவெடுத்தார்.

ஆனால் விளையாட்டுக்கான அந்தக் கினெக்டின் தயாரிப்பு 2017-இல் நின்றுபோனது. அதை நம்பிக் கட்டப்பட்ட அமைப்புகள் வேறு கேமராவுக்கு மாற வேண்டியதாயிற்று. உங்கள் சிகிச்சை ஆறு மாதம், ஒரு வருடம் ஓடக்கூடியது என்றால், கருவியை விற்பவர் அத்தனை காலம் அதைக் கவனிப்பாரா என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஹெட்செட் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

விஆரின் பலம் கவனத்தை முழுதாக இழுத்துக்கொள்வதில் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தீக்காய நோயாளிகளுக்காக ஸ்னோவேர்ல்ட் என்ற பனி உலகை உருவாக்கினார்கள். காயத்தைச் சுத்தம் செய்யும்போதும், இறுகிய தோலை நீட்டிப் பயிற்சி செய்யும்போதும் நோயாளிகள் பனிப்பந்துகளை எறிந்துகொண்டிருந்தார்கள். வலி குறைவாக உணரப்பட்டது. வலிக்கும் என்ற பயத்திலேயே கழுத்தைத் திருப்பாதவர், முதுகை வளைக்காதவர், கையை நீட்டாதவர் உண்டு. அவர்களிடம் "திரும்புங்கள்" என்று நூறு முறை சொல்வதைவிட, பின்னாலிருந்து ஒரு பறவைச் சத்தம் வந்தால் போதும், தானாகத் திரும்பிவிடுவார்கள். திரும்பிய பிறகுதான் 'அட, ஒன்றும் ஆகவில்லையே' என்ற நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கைக்காக ஹெட்செட்டை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இப்போது மறுபக்கம். சாதாரண ஹெட்செட்டுக்கு உறுதியாகத் தெரிவது உங்கள் தலையின் இடமும் இரண்டு கைகளின் இடமும்தான். புதிய சில ஹெட்செட்கள் மேலுடம்பைக் கேமராவால் கணிக்க முயல்கின்றன. கால்கள் பெரும்பாலும் ஊகம். தோள்பட்டை இறுகியவர் ஒருவர் விஆர் விளையாட்டில் தலைக்கு மேலே மிதக்கும் பந்தைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கை அவ்வளவு உயரம் போகவில்லை. அவர் என்ன செய்வார்? தோளைக் காதுவரை தூக்குவார், உடம்பை எதிர்ப்பக்கம் சாய்ப்பார், குதிகாலைத் தூக்கி எக்குவார். கை பந்தைத் தொட்டுவிடும். மணி அடிக்கும், மதிப்பெண் ஏறும். விளையாட்டின் கணக்கில் வெற்றி. தோள்பட்டையின் கணக்கில், அது தேவையான அசைவைத் தவிர்க்க இன்னும் நன்றாகக் கற்றுக்கொண்ட நாள் அது. பக்கத்தில் ஒரு ஃபோன் கேமராவில் தெரபிஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தால், "பந்தைக் கீழே இறக்குகிறேன், தோளைத் தளர்த்திவிட்டு எட்டுங்கள்" என்று அந்த நொடியே சொல்லியிருப்பார்.

இதனால்தான் முழங்கால், இடுப்பு, கணுக்கால் பயிற்சிகளுக்கு ஹெட்செட் மட்டும் என்பதை நான் ஏற்பதில்லை. அந்தக் கருவியின் கண்ணுக்கு எட்டாத உறுப்புகள் அவை.

பக்கவாதத்தில் கைக்குப் பயன்படுமே என்றால், பயன்படும், அளவோடு. 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 141 பேரைச் சேர்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு தரப்பு, ஹெட்செட் இல்லாமல் திரையைப் பார்த்துக் கையசைத்து ஆடும் நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேமை விளையாடியது, இன்னொரு தரப்பு சீட்டாட்டம் போன்ற சாதாரண விளையாட்டுகளை ஆடியது. கையின் முன்னேற்றத்தில் வித்தியாசம் இல்லை. 2017-இல் காக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான பயிற்சியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் விஆரை வைத்தால் கைக்குக் கூடுதல் பலன் இல்லை. வழக்கமான பயிற்சியின் மேல் விஆரையும் சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பலன் தெரிகிறது. ஆக, பலவீனமான கைக்கு நல்லது செய்வது திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிதான். விஆர் அதைச் சலிக்காமல் செய்ய வைக்கிறது என்றால் அதற்கு மதிப்பு உண்டு. சலிக்காமல் செய்யச் சீட்டுக்கட்டே போதும் என்பவருக்கு ஹெட்செட் அவசியமில்லை.

இதே வரிசையில் ராமச்சந்திரனின் கண்ணாடியையும் சொல்ல வேண்டும். கை துண்டிக்கப்பட்டும் அந்தக் கையிலேயே வலி இருப்பதாக உணர்பவர்களுக்காக நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் நிலைக்கண்ணாடி ஒன்றை நடுவில் நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தை இல்லாத கையாகப் பார்க்க வைத்தார். இன்று அதையே விஆரில் விரிவாகச் செய்கிறார்கள், பிம்பத்தால் முடியாத அசைவுகளையும் காட்டுகிறார்கள். ஆனாலும் முதலில் கண்ணாடியில் முயன்று பார்ப்பதே முறை.

முதுகு வலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காக அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 நவம்பரில் ஒரு விஆர் திட்டத்தை அனுமதித்தது. எட்டு வாரம், 56 அமர்வுகள். அதில் இருப்பது பெரும்பாலும் மூச்சுப் பயிற்சி, கவனத்தைத் திருப்பும் பழக்கம், வலியைப் பற்றிய எண்ணங்களைக் கையாளக் கற்பது. தசையை வலுப்படுத்தும் வேலை அதில் இல்லை. வலி மேலாண்மைக்கு அது உதவலாம், ஆனால் அதை வாங்கிவிட்டோம், பிசியோதெரபி ஆயிற்று என்று நினைத்துவிடக் கூடாது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஹெட்செட் மாட்டியவருக்குத் தரை தெரியாது. தடுமாறும் நடை உள்ளவர் நின்றுகொண்டு விஆர் செய்யக் கூடாது. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். காட்சி நகர்வதைக் கண் பார்க்க, உள்காது அந்த நகர்வை உணராதபோது சிலருக்குக் குமட்டல் வரும். வலிப்பு நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கருவியின் எடை அரைக் கிலோ இருக்கும், அது முழுதும் தலையில் முன்பக்கமாகத் தொங்கும்; கழுத்துப் பிரச்சினை உள்ளவருக்கு அதுவே தொந்தரவு. ஒரு கை மட்டும் வேலை செய்பவர் இதைத் தானாக மாட்டிக் கழற்ற முடியுமா, பலவீனமான கை கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்திருக்குமா, பட்டை போட்டுக் கட்ட வேண்டுமா என்பதை வாங்கும் முன் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஞாபக மறதி நோய் உள்ளவரை அந்த உலகம் மிரள வைக்கலாம்.

யாருக்கு எது

மூட்டு மாற்று முடிந்தவருக்கு முதல் பரிசோதனை நேரில், பிறகு வாரம் ஒரு வீடியோ கால், நடுவே கேமரா எண்ணும் செயலி கிடைத்தால் நல்லது. நாள்பட்ட முழங்கால், இடுப்பு வலிக்கு வீடியோ கால் மட்டுமே பெரும்பாலும் போதும். முதுகை அசைக்கவே பயப்படுகிறவருக்கு வீடியோ காலோடு சில வாரம் ஹெட்செட். பயம் விலகியதும் ஹெட்செட்டை ஓரமாக வைத்துவிடலாம். பக்கவாதத்தில் கைக்கு நேரிலோ வீடியோவிலோ தெரபிஸ்ட் கண்டிப்பாக வேண்டும், மீதி மணி நேரங்களுக்கு எந்த விளையாட்டு சலிக்கவில்லையோ அது. தனியாக வசிப்பவர், அடிக்கடி விழுபவர் என்றால் நின்று செய்யும் எதையும் தொலைவிலிருந்து தொடங்க வேண்டாம்.

வீடியோ கால் என்று முடிவு செய்தால் ஏற்பாடு எளிது. ஃபோனைக் கையில் பிடிக்காதீர்கள். இடுப்பு உயரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, சாய்த்து நிறுத்துங்கள். தலை முதல் கால்வரை தெரிய வேண்டும். ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் நிழல்தான் தெரியும், அதனால் வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள். முழங்கால் தெரிகிற உடையாகப் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரத்தில் பேச்சு கேட்காது என்பவர்கள் ப்ளூடூத் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டால் போதும். முதல் அழைப்பில் வீட்டார் ஒருவர் கூட இருக்கட்டும், ஃபோனைத் திருப்பவும் விழாமல் பிடிக்கவும்.

செயலியோ ஹெட்செட்டோ விற்க வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள். என் பயிற்சியை எந்தத் தெரபிஸ்ட் பார்ப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை? வலி கூடினால் யாரிடம் சொல்வது, எவ்வளவு நேரத்தில் பதில் வரும்? என் உடலின் வீடியோவும் அளவுகளும் எங்கே சேமிக்கப்படும், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா? முதல் கேள்விக்குப் பதிலாக 'செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்' என்று வந்தால், முதலில் ஒரு தெரபிஸ்டை ஏற்பாடு செய்துகொண்டு, அவரிடம் அந்தக் கருவியைக் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.